2147483647: கணினி முட்டி நிக்கிற எண்

ஒரு நாள் ராத்திரி எங்க டேட்டாபேஸ் புது ஆர்டரே எடுக்கல. கடைசி ஐடி 2147483647. அதாவது, 2-இன் 31-ஆம் அடுக்குல 1 கம்மி. 32 பிட்ல ஒண்ணு கூட்டல்-கழித்தல் குறிக்குப் போயிடும். மிச்சம் 31-ல இதுக்கு மேல இடமில்ல.

இது பகா எண்ணும்கூட. 1772-லயே, கணினி இல்லாம, ஆய்லர் நிரூபிச்சுட்டார். எப்படி? 46,340 வரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பார்த்தா போதும். அதுலயும், 248-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 63 வர்றது மட்டும்தான் காரணியா இருக்க முடியும்னு காட்டினார். வேலை மளமளன்னு குறைஞ்சிடுச்சு.

நாங்க ஐடியை 64 பிட்டுக்கு மாத்தித் தப்பிச்சோம். ஆனா பல பழைய சிஸ்டங்கள் 1970-லிருந்து நொடிகளை 32 பிட்லதான் எண்ணுது. 2038 ஜனவரி 19, நம்ம ஊர் நேரம் காலை 8:44:07-க்கு அதுவும் முட்டும். உங்க சிஸ்டத்தை இப்பவே பாருங்க.