முதலில் பிறேக், பின்பே இயந்திரம்

மொறிஸ் மைனர் காரை அறியாத பெற்றோர் நம்மிடையே அரிதே. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட யாழ்ப்பாணத்துப் பழைய கார்களுள் அதுவும் ஒன்று. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று.

இன்று அதைப் புதுப்பிப்போர் பலர், பழைய சிறிய இயந்திரத்தை அகற்றி, அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைப் பொருத்துகின்றனர். வேகம் கூடுகிறது. நிறுத்துவது எங்ஙனம்?

மாணவச் செல்வங்களே, இங்கே உங்கள் பௌதிகவியல் பாடம் உதவும். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமானது. மணிக்கு 80 கிலோமீற்றர் செல்லும் கார் 120இல் சென்றால் வேகம் ஒன்றரை மடங்கே; பிறேக் வெப்பமாக மாற்றவேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கு!

மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை டிரம் பிறேக்குகள். மூடிய டிரம்மினுள் வெப்பம் தேங்க, உராய்வு குன்றும். நீண்ட இறக்கத்தில் எவ்வளவு மிதித்தாலும் கார் எளிதில் நில்லாது. ஆதலால் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டுவர். திறந்தவெளியில் சுழலும் தட்டைக் காற்று விரைவில் குளிர்விக்கும். நிறுத்தும்போது காரின் பாரம் முன்புறம் சாய்வதால் முன்சில்லுகளுக்கே முதலிடம்.

டிஸ்க் பிறேக்கைச் சற்று வலுவாக மிதிக்க வேண்டியிருக்கும். அதற்குத் துணையாக வெற்றிடத்தால் இயங்கும் சேர்வோவைச் சிலர் சேர்ப்பர். பழைய இறப்பர்க் குழாய்களையும் கட்டாயம் மாற்றுதல் வேண்டும். பளபளக்கும் வர்ணத்திற்குப் பணத்தை வாரியிறைப்போர், வெளியே தெரியாத இக்குழாய்களில் சிக்கனம் பார்ப்பது விந்தையே.