கூத்துப் பள்ளி மூடியது... களமும் மூட வேண்டுமா?

அண்ணாகிராமம் ஒன்றியத்து கிராமம் ஒன்றில் இறங்கி, "உங்க ஊர்ல இசை அரங்கம் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "கூத்து எங்க நடக்கும்?" என்று கேளுங்கள். கோயிலுக்கு முன்னால் இருக்கிற வெட்டவெளியைக் கை காட்டுவார்கள். பகலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற, மாடு கட்டுகிற சாதாரண இடம்தான் அது. திருவிழா வந்தால் மட்டும் ஒரு பக்கம் பந்தல், ஒரு பெஞ்ச், நாலு விளக்கு. அவ்வளவுதான், அரங்கம் தயார்.

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் கரும்பும் பலாவும் முந்திரியுமாக விரிந்து கிடக்கும் இந்த மண்ணுக்குப் பாட்டும் ஆட்டமும் புதிதல்ல. பக்கத்தில் இருக்கும் திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் பாடத் தொடங்கியவர் அப்பர். அந்தப் பதிகங்கள் கோயிலுக்குள் ஒலித்தன. கோயிலுக்கு வெளியே, மண்தரையில், விடிய விடிய ஒலித்தது கூத்துப் பாட்டு.

இப்படிப்பட்ட களங்கள் மூடப்படும்போது யாரும் பூட்டுப் போடுவதில்லை, அறிவிப்புப் பலகை மாட்டுவதும் இல்லை. ஒரு வருஷம் கூத்துக்குப் பதில் வேறு ஏதோ வைப்பார்கள். அடுத்த வருஷமும் அப்படியே. பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான், நமக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரு மூடலை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரம் அருகே ஒரு பள்ளி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புஞ்சரசந்தாங்கல் கிராமம். அங்கே 2002-ல் தொடங்கியது 'கட்டைக்கூத்து குருகுலம்'. தொடங்கியவர் பெருங்கட்டூர் ராஜகோபால். கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் களத்தில் இறங்கியவர். அவருடன் கைகோத்தவர் அவருடைய மனைவி ஹன்னே டி ப்ரூயின். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்து, இந்தக் கலையோடே தங்கிவிட்டவர். 1990-ல் கலைஞர்களைச் சேர்த்து 'கட்டைக்கூத்துச் சங்கம்' அமைத்த ராஜகோபாலுக்கு, அடுத்த தலைமுறைக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சர்யமில்லை.

கூத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பை விட்டுவிட்டுத்தான் வருவார்கள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? புஞ்சரசந்தாங்கலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். பாடப்புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. கணக்குக்கு ஒரு வகுப்பு, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் ஒரு வகுப்பு.

இன்னொரு காரியமும் அங்கே நடந்தது. கூத்தில் திரௌபதி வேஷமும் ஆண்தான் கட்டுவார். பெண் பிள்ளைகள் ஆடுவது வழக்கத்திலேயே இல்லை. குருகுலத்தில் சிறுமிகளும் சேர்ந்தார்கள். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு ராஜ வேஷத்தில் சுழன்று ஆடினார்கள். பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுடன் சேர்ந்து கர்நாடக இசையையும் கட்டைக்கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய நிகழ்ச்சியும் இந்தக் குழுவினர் செய்ததுதான்.

18 வருஷம் நடந்த அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

அங்கே பயின்று வெளியேறியவர்களில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும், ஒரு பிள்ளை படித்துக்கொண்டே கூத்தும் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்த ஓர் இடம் இல்லாமல் போனது போனதுதான்.

'தெரு'வா, 'கட்டை'யா?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் தெருக்கூத்து என்கிறோம். 'தெரு' என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, வேஷக்காரர்கள் அணியும் மரக்கட்டை அணிகலன்களை வைத்து, கட்டைக்கூத்து என்ற பெயரை ராஜகோபால் குழுவினர் அழுத்திச் சொன்னார்கள். பாணியிலும் இரண்டு உண்டு. காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் வடக்கத்திப் பாணி. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி பக்கம் தெற்கத்திப் பாணி. ஆட்டத்திலும் பாட்டிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டுக்கும் உயிர் ஒன்றுதான்: மகாபாரதம்.

கூத்தே பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறோம். இரவு பத்து மணி வாக்கில் தாளமும் மிருதங்கமும் களை கட்டும். கட்டியங்காரன் வந்து ஊரைச் சிரிக்கவைப்பான். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடுவார். முகம் தெரியாது. கிரீடத்தின் நுனியும் காலின் சலங்கையும்தான் தெரியும். திரை விலகும்போது துரியோதனன் நிற்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தூக்கத்தை விட்ட தலைமுறைகள் உண்டு.

பாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவாகக் கதை நகரும். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருப்பான். கூத்தில் சண்டையிட்ட வேஷக்காரர்களே அங்கு வந்து கதையை முடிப்பார்கள். மாலையில் தீமிதி. இங்கே கூத்து சடங்கின் ஒரு பகுதி. கூத்தை எடுத்துவிட்டால் திருவிழா நடுவில் அறுந்துபோகும்.

மூடுவது யார்?

டி.வி-யையும் செல்போனையும் மட்டும் குற்றம் சொல்வது சுலபம். விஷயம் அதைவிடச் சிக்கலானது.

முதலாவது, நேரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, சமய விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். நோயாளிகளையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால், விதி நியாயமானது. ஆனால், கூத்து தொடங்குவதே 10 மணிக்குத்தான். கர்ணனுக்கு மோட்சம் கிடைக்க விடிந்துவிடும். 12 மணிக்கு நிறுத்தினால், அவன் தேரிலேயே ஏறியிருக்க மாட்டான்! ஒலிபெருக்கி இல்லாமல் ஆடலாமே என்றால், ஆயிரம் பேர் கூடும் இடத்தில் கடைசி வரிசைக்குப் பாட்டு எட்டாது.

இரண்டாவது, பணம். ஒரு ஜமாவில் வாத்தியார், வேஷக்காரர்கள், பின்பாட்டுக்காரர், வாத்தியக்காரர்கள் என்று பதினைந்து பேர் வரை இருப்பார்கள். ஊர் பேசித் தரும் தொகை எத்தனை பெரிதாகத் தெரிந்தாலும், வேன் வாடகை போக, இத்தனை பேருக்குப் பிரிக்க வேண்டும். பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஓடும் வருமானம் அதன் பிறகு இல்லை. மற்ற மாதங்களில் வயல் வேலை, கட்டட வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சரியாகச் சீசன் தொடங்குகிற நேரம் அது. வெற்றிலை பாக்கு வைத்துப் பேசிய ஆட்டங்களெல்லாம் கைவிட்டுப் போயின. ஒரு வருஷச் சாப்பாடு சில வாரங்களில் போயிற்று.

மூன்றாவது, நம் வீட்டுக்குள் இருக்கிறது. கூத்தாடிக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம். 'கூத்தடிக்காதே' என்று பிள்ளையைத் திட்டுகிறோம். கலைஞரே தன் மகனை இதற்குள் விடத் தயங்குவதில் என்ன தப்பு?

நாஷ்வில் சொல்லும் கதை

உலகத்தின் இன்னொரு மூலையில் இதே துக்கம் வேறு விதமாக நடந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ரைமன் அரங்கம் என்று ஒன்று உண்டு. 1892-ல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டது. அங்கிருந்துதான் 1943 முதல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வானொலி நிகழ்ச்சி நடந்தது. கிராமத்துப் பாட்டுக்காரர்கள் கிதாரும் ஃபிடிலுமாக வந்து பாடுவார்கள். ஏ.சி கிடையாது. கோடையில் வியர்வையில் நனைந்துகொண்டே ஜனம் கேட்டது.

1974 மார்ச் 15-ம் தேதி அங்கே ஆப்ரியின் கடைசி நிகழ்ச்சி. மறுநாள் நகருக்கு வெளியே புத்தம் புது அரங்கம் திறந்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனே வந்து பியானோ வாசித்தார். பழைய அரங்கம் பாழடைந்தது, இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

ஆனால், புறப்படும்போது அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். பழைய மேடையிலிருந்து ஆறடி வட்டமாக மரத்தை அறுத்தெடுத்து, புது மேடையின் நடுவில் பதித்தார்கள். இன்றும் பாட வருகிறவர்கள் அந்த வட்டத்தில் நின்றுதான் பாடுகிறார்கள். 2010 வெள்ளத்தில் புது அரங்கம் மூழ்கியபோது, அந்த வட்டத்தைப் பத்திரமாகச் சீர்செய்து மறுபடி பதித்தார்கள். வெள்ளம் என்றால் என்னவென்று கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்து எதை முதலில் காப்பாற்றுவோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பழைய ரைமனும் இடிபடவில்லை. புதுப்பிக்கப்பட்டு 1994-ல் மறுபடி கச்சேரிகளுக்குத் திறந்தது.

நம் களத்தில் அறுத்தெடுக்க மரப்பலகை இல்லை. அங்கே இருப்பது மண். எடுத்துப்போகக் கூடியது ஆடத் தெரிந்த உடம்பும், பாட்டு மறக்காத தொண்டையும்தான். ஒரு வாத்தியார் தன் நினைவில் வைத்திருக்கும் பத்து இரவுப் பாட்டை இன்னொருவர் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அது அவரோடு போய்விடும். புஞ்சரசந்தாங்கலில் 18 வருஷம் நடந்தது இந்தக் கைமாற்றம்தான். செய்யாறு பக்கத்துப் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் வழிவந்தவர்கள் இதைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள்.

நம்மால் என்ன முடியும்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஊர்த் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ராவும் இருக்கட்டும், ஓர் இரவு கூத்துக்கும் ஒதுக்குங்கள். அனுமதிக்குக் கடைசி நேரத்தில் அலையாமல், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முழு இரவு முடியாதென்றால், மாலை 6 மணிக்கே தொடங்கி நாலு மணி நேரத்தில் முடிக்க முடியுமா என்று வாத்தியாரிடம் பேசுங்கள். எதை விட வேண்டும், எதை விடக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். பேசிய தொகையை ஆட்டம் முடிந்த காலையிலேயே கொடுத்துவிடுங்கள். நலவாரியத்தில் பதியாத கலைஞர் உங்கள் ஊரில் இருந்தால், விண்ணப்பத்தை நிரப்ப ஒரு கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்து உதவலாம். ஒரு மணி நேர வேலை.

கையில் செல்போன் இருக்கிறதே, அதுவும் உதவும். வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பாட்டை முழுசாகப் பதிவு செய்து வையுங்கள். முப்பது விநாடி ரீல்ஸ் போதாது.

அடுத்த பங்குனிக்கு முன்னால் உங்கள் ஊரிலும் திருவிழாக் கூட்டம் கூடும். வரவு செலவுக் கணக்கு வாசிப்பார்கள். "கூத்து இந்த வருஷம் வேணுமா?" என்று யாராவது கேட்பார். அப்போது கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால், அந்தக் களம் அன்றைக்கே மூடியது என்று அர்த்தம். முதல் ஆளாகக் கை தூக்குங்கள்.