மலிவும் உடைமையும்: லினக்ஸ் டெப்லட் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

குண்டசாலையிலிருந்து பேராதனைக்குப் பயிலச் செல்லும் மாணவர் ஒருவருக்கு எத்தகைய லினக்ஸ் டெப்லட் கட்டுபடியாகும் என்னும் வினாவை நுகர்வோர் ஆலோசனையாக மட்டும் நாம் கொள்வதற்கில்லை. கருவி எவர் கட்டுப்பாட்டில் உள்ளது என்னும் உடைமைப் பிரச்சினையும் அதனுட் பொதிந்துள்ளது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அன்ட்ரொயிட் டெப்லட்டின் கருவும் லினக்ஸே. ஆயின் அதன்மேல் எழுப்பப்பட்ட அமைப்பை மாற்றும் உரிமை வாங்கியவருக்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. உற்பத்தியாளர் புதிய பதிப்புகளை நிறுத்தியதும், பழுதுறாத கருவியும் பயனிழக்கத் தொடங்குகிறது.

இவ்விடத்துப் பெங்களூரின் சிம்பியூட்டர் நினைவுகூரற்பாலது. இந்திய அறிவியற் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் உருவாக்கி 2001இல் அறிமுகஞ்செய்த இக்கைக்கணினி லினக்ஸில் இயங்கியது. இலக்கு விலை ஏறத்தாழ 9,000 இந்திய ரூபா. அதனினும் முக்கியமானது, ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்து, தத்தம் தரவைத் தனித்தனி ஸ்மார்ட் அட்டையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். தனியுடைமையை முன்னெடுகோளாகக் கொள்ளாத அரிய வடிவமைப்பு அது. 2004இல் சந்தைக்கு வந்தும் பரவவில்லை. கையடக்கத் தொலைபேசி முந்திக்கொண்டது.

பைன்64 நிறுவனம் 2023இல் வெளியிட்ட பைன்டெப்2, 4 கிகாபைட் நினைவகத்துடன் அப்போது 159 டொலராக இருந்தது. முதலில் அனுப்பப்பட்டவற்றில் வைஃபைக்குரிய இயக்கி மென்பொருள் ஆயத்தமாயிருக்கவில்லை. விலைக்குறைப்பின் ஒரு பகுதியை ஆர்வலரின் ஊதியமற்ற உழைப்பே தாங்குகிறது எனலாம். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360. இதே 159 டொலர் முன்னைய கணக்கில் 32,000 ரூபாவுக்குள் அடங்கும். பின்னையதில் 57,000ஐத் தாண்டும். அனுப்புகூலியும் வரியும் வேறு.

எனவே, இன்டெல் செயலியுடைய, விசைப்பலகை பொருந்தும் பாவித்த டெப்லட் ஒன்றையே நாம் பரிந்துரைப்போம். 8 கிகாபைட் நினைவகம் விரும்பத்தக்கது. உபுண்டு அல்லது ஃபெடோராவை யூ.எஸ்.பி.யிலிட்டு, நிறுவாமலே கடையில் இயக்கிப் பார்க்கலாம். தொடுதிரை, வைஃபை, ஒலி, கமரா ஆகியன இயங்குகின்றனவா, உறக்கநிலையிலிருந்து கருவி மீள்கிறதா என்பன அங்கேயே தெரிந்துவிடும். கட்டுரை எழுதுவோர் தமிழ்99 அமைப்பையும் அப்போதே தட்டச்சிட்டு நோக்கல் வேண்டும். திரை விசைப்பலகையை மட்டும் நம்புதல் தகாது.

பொழுதுபோக்கைப் பொறுத்தவரை, சேமித்த பாடல்களுக்கும் படங்களுக்கும் வீ.எல்.சி. போதும். கட்டணத் திரைப்படச் சேவைகள் சில லினக்ஸில் முழுத் தெளிவை வழங்குவதில்லை. கருவியின் இயலாமை அதற்குக் காரணமன்று. உரிமக் கட்டுப்பாடே காரணம். பழைய கருவியில் முதலில் சோர்வது மின்கலம். அதனை மாற்ற இயலுமா, உள்ளூரில் எவர் மாற்றித் தருவார் என்பவற்றை விலைபேசுமுன் கேட்டறிதல் நன்று.