கார் மோதிய பிறகு: கரமனை ரோட்டில் முதல் ஒரு நாள்

வாகன விபத்தில் யாருக்காவது காயம் பட்டால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவில் வகுத்திருக்கிறது. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அருகிலுள்ள ஸ்டேஷனில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கூட்டம் கூடி அடிக்க வரும் நிலையில் ஓட்டுநர் அங்கேயே நிற்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. அப்போது அவர் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். வீட்டுக்குப் போய்விட்டால் அது தப்பியோடியதாகவே பதிவாகும்.

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தைத் தாண்டி, கரமனை ஆற்றைக் கடந்து, நீரமண்கரை, கைமனம், பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையில் இந்தக் கடமைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. கரமனை அக்ரஹாரத்துத் தமிழ்க் குடும்பங்களும், நாகர்கோவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் வருகிறவர்களும் அன்றாடம் புழங்கும் சாலை இது. மோதிக்கொள்ளும் இரண்டு வண்டிகளில் ஒன்று கேரளப் பதிவாகவும் மற்றது தமிழ்நாட்டுப் பதிவாகவும் இருப்பது இங்கே புதிதல்ல. போலீஸ் எழுதும் காகிதம் மலையாளத்தில் இருக்கும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவர்தான் பெரும்பாலும் ரோட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளச் சம்மதிப்பார். பின்னால் நஷ்டப்படுகிறவரும் அவரே.

மோதிய அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: எஞ்சினை அணைப்பது, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுவது, சிவப்பு முக்கோணப் பலகை இருந்தால் வண்டிக்குப் பின்னால் தள்ளி வைப்பது, பயணிகளைச் சாலையின் ஓரத்துக்குக் கொண்டுபோவது. நான்கு வழிச் சாலையில் நடுவே நின்று வாதாடுகிறவர்கள் மேல் அடுத்த வண்டி ஏறிவிடும் ஆபத்து உண்டு. காயம் என்றால் 112 அல்லது 108. கேரளத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 'கனிவ்' என்ற பெயரில் 2019 முதல் ஓடுகிறது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஆளைக் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல். கழுத்து எலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலே முடக்கிவிடும். வண்டி தீப்பிடித்தாலோ, பின்னால் வருகிற வண்டியால் ஆபத்து என்றாலோ தவிர, ஆம்புலன்ஸ் வரும் வரை தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டிருப்பதே உதவி.

உதவினால் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் பழையது. 2016 மார்ச் 30 அன்று, சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கில், உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் கட்டாயத் தன்மை கொடுத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே சேர்த்தது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. சாட்சியாகும்படி யாரும் வற்புறுத்தவும் முடியாது.

அடுத்தது தடயம். இரண்டு வண்டிகளும் நின்ற நிலையிலேயே, அவற்றை நகர்த்துவதற்கு முன், போட்டோ எடுக்க வேண்டும். நசுங்கிய பம்பரைப் பத்து தடவை எடுப்பதைவிட, நம்பர் பிளேட், சாலையின் நடுக்கோடு, டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சிதறல், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வருகிற மாதிரி நாலடி பின்வாங்கி எடுத்த ஒரு படம் கூடுதலாகப் பேசும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் டயர் தடம் நிமிடங்களில் போய்விடும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரத்தைப் பற்றிய விவரத்தையும் உதிர்த்துவிடும். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆகவே மூலக் கோப்பு போனிலேயே இருக்க வேண்டும். கடை, பெட்ரோல் பங்க் கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகிறவை. அன்றைக்கே போலீஸிடம் எழுதிக் கொடுத்து, பதிவை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

எதிர்த் தரப்பின் லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளலாம். 'தப்பு என்னுடையதுதான்' என்று பதற்றத்தில் சொல்வதும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். தவறு யாருடையது என்பதைச் சாலையில் கூடிய கூட்டம் முடிவு செய்வதில்லை.

தடயம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 3 அதிகாலை மியூசியம் அருகே ஓர் ஐஏஎஸ் அதிகாரி ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட கார் மோதி செய்தியாளர் கே.எம். பஷீர் இறந்தார். அந்த அதிகாரியின் ரத்த மாதிரி பல மணி நேரம் கழித்தே எடுக்கப்பட்டது. அதில் மதுவின் தடயம் கிடைக்கவில்லை. எந்தக் குற்றப்பிரிவு நிற்கும் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது சட்டம் வகுத்த மதுவின் எல்லை. மணி கடக்கக் கடக்க உடம்பு அதைக் குறைத்துக்கொண்டே போகும். எதிர்த் தரப்பு குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் உடனே பரிசோதனை கேட்க வேண்டும். குடிக்காமல் ஓட்டியவர் மேல் பழி விழுந்தாலும் அவரே கேட்டுத் தன்னைப் பரிசோதிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

கேரளத்தில் விபத்து என்றாலே காதில் விழும் சொல் 'ஜிடி என்ட்ரி'. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் விபத்தைப் பதிந்து கொடுக்கும் சான்று அது. ஆளுக்குக் காயமில்லாமல் வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கமாகக் கேட்பது இதைத்தான். கேரளப் போலீஸின் 'போல்-ஆப்' வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம். காயம் இருந்தால் ஜிடி என்ட்ரி மட்டும் போதாது, எஃப்ஐஆர் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எங்கேயும் புகார் கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகலும் இலவசம். பாப்பனங்கோட்டில் மோதல் நடந்து, வீடு களியக்காவிளைக்கு அப்பால் இருக்கிறவருக்கு இது பெரிய வசதி. மலையாளம் படிக்கத் தெரியாதவர் தன் வாக்குமூலத்தை வரிவரியாக வாசிக்கக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். 'எதிரே வந்த கார்' என்பது 'முன்னால் நின்ற கார்' என்று மாறினால் வழக்கே தலைகீழாகிவிடும்.

ஆனால் மிகப் பெரிய சேதம் நடக்கும் இடம் போலீஸ் ஸ்டேஷன் அல்ல, கேஷுவால்ட்டி. ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் எழுதும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், அதிலிருந்து வரும் வூண்ட் சர்டிபிகேட் ஆகியவற்றில் காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்று ஒரு கட்டம் உண்டு. நோயாளி மயக்கத்தில் இருப்பார்; கூட வந்தவர் சொல்வதை டாக்டர் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். கூட வந்தவர் இடித்த காரின் டிரைவராகவே இருக்கக்கூடும். கேஸ் வேண்டாமே என்று நினைக்கும் சொந்தக்காரராகவும் இருக்கலாம். 'பைக்கிலிருந்து தானே விழுந்தார்' என்று அவர் சொன்னால் அதுவே பதிவாகும். இரண்டு வருடம் கழித்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். நினைவு தெளிந்ததும், அல்லது உறவினர் வந்து சேர்ந்ததும், அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மோதிய வண்டியின் நம்பர் தெரிந்தால் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

வலியே இல்லை என்று வீட்டுக்குப் போகிறவரும் ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது நல்லது. பின்னாலிருந்து இடிபட்டவரின் கழுத்து பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கிலோ சீட் பெல்ட்டிலோ வயிறு அழுந்தினால் உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் வெளியே தெரியாது. விபத்தன்றே சீட்டு இல்லாத காயத்தை விபத்தோடு சேர்த்துக் காட்டுவது கஷ்டம்.

சிகிச்சைப் பணம் கட்டிய பிறகே தொடுவோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் முப்பத்தைந்து வருடம் ஆனது. கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2025 ஜனவரியில், இலவசச் சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டுவர மத்திய அரசுக்குக் கெடு விதிக்கப்பட்டது. 2025 மே 5 முதல் அந்தத் திட்டம் அமலில் இருக்கிறது. மோட்டார் வாகனத்தால் எந்தச் சாலையில் விபத்து நடந்தாலும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இது விபத்துதான் என்று போலீஸ் உறுதிசெய்ய வேண்டும் என்பதால், ஸ்டேஷனுக்குத் தகவல் போகாவிட்டால் இந்தப் பணமும் வராது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கக் கூடாது. சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த பாகங்கள் அப்படியே இருக்க வேண்டும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும்; 20 முதல் 50 சதவீதம் வரையிலான அந்தத் தள்ளுபடியைக் கணக்குப் பார்த்தபின் முடிவு செய்யலாம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு அதில் எதுவும் கிடையாது.

நஷ்டஈடு மூன்று வழிகளில் வரும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டத்தின்படி மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. வண்டி தெரிந்து, யார் தவறு என்று வாதாட விரும்பாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். தவறை நிரூபித்து முழு இழப்பையும் கேட்க 166-ஆவது பிரிவு. இதற்கு ஆறு மாதக் கெடு சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஆனாலும் கெடு இருப்பதாகவே எண்ணி நடப்பது பத்திரம். போலீஸ் தன் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த நகல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்து கேட்கும் ஏஜென்டுகளிடம் அவசரப்பட வேண்டியதில்லை.

விபத்து கரமனையில் நடந்தது என்பதால் திருவனந்தபுரத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. 166-ஆவது பிரிவு, விபத்து நடந்த இடத்தில், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், எதிர்த் தரப்பு வசிக்கும் இடத்தில் என எங்கே வேண்டுமானாலும் மனு செய்ய விடுகிறது. நாகர்கோவில்காரர் நாகர்கோவில் தீர்ப்பாயத்திலேயே போகலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளுக்குள் அந்தத் தீர்ப்பாயத்துக்கு மேலுள்ள உயர் நீதிமன்றத்தில் அப்பீல்; சர்ச்சையிலுள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் அதற்கு வழியில்லை. சொந்த வண்டியின் கிளெய்மைக் கம்பெனி மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியில் இருக்கிறது. அங்கே மனு செய்யக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.