உங்கள் கண்ணில் ஒரு ஓட்டை

ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதற்கு நேராக 8 செ.மீ. தள்ளி, வலப்பக்கம் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, தாளைக் கை நீட்டிப் பிடியுங்கள். வலக்கண் பெருக்கல் குறியை மட்டுமே பார்க்க வேண்டும். புள்ளி ஓரத்தில் தெரிந்துகொண்டிருக்கும். ஆசைப்பட்டு அதன் பக்கம் பார்வையைத் திருப்பிவிடாதீர்கள். இனி தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய ஓரடி தூரத்தில் புள்ளி மாயமாய் மறைந்துவிடும்! இன்னும் நெருங்கினால் திரும்ப வந்துவிடும்.

எங்கே போனது?

புள்ளியிலிருந்து வரும் ஒளியைக் கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியா நன்றாக வளைக்கிறது. உள்ளேயிருக்கும் விழிலென்ஸ் இன்னும் கொஞ்சம் வளைக்கிறது. வளைந்த ஒளி, பின்பக்கமுள்ள விழித்திரையில் தலைகீழாக, இடம் வலம் மாறிப் படமாக விழுகிறது. அதனால் வலப்பக்கப் புள்ளியின் படம் வலக்கண்ணுக்குள் மூக்குப் பக்கமாக விழும். ஓட்டை இருப்பதும் அங்கேதான்.

விழித்திரை உணர்ந்ததை மூளைக்குக் கொண்டுபோகச் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் இருக்கின்றன. நம் கண்ணில் இவை திரைக்கு முன்னால், ஒளி வரும் பக்கமாகவே ஓடுகின்றன. வெளியேற வேண்டுமென்றால், எல்லாம் ஒன்றுசேர்ந்து திரையைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். துளைத்த இடத்தில், ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் குருட்டுப்புள்ளி. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் இழைகள் திரைக்குப் பின்னால் ஓடுவதால், அவற்றுக்கு இந்த ஓட்டையே இல்லை. இந்த விஷயத்தில் கணவாயின் கண் நம்முடையதைவிட ஒழுங்கானது!

1660களில் இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் மரியோத். கண்களை அறுத்துப் பார்த்தபோது, இந்த இழைகள் சேர்ந்த பார்வை நரம்பு நட்டநடுவில் இல்லாமல் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருப்பதைக் கவனித்தார். அந்த இடத்தில் படம் விழுந்தால் பார்வை எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொண்டார். சுவரில் ஒரு காகித வட்டத்தை ஒட்டி, அதற்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி இன்னொன்றை வைத்தார். இடக்கண்ணை மூடிக்கொண்டு, முதல் வட்டத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். சுமார் 10 அடி தூரத்தில் இரண்டாவது வட்டம் மறைந்தது. அதன் அகலம் ஏறக்குறைய நான்கு அங்குலம்! எனக்கு அவருடைய அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும்.

சரி, தினமும் ஏன் நமக்கு ஓட்டை தெரிவதில்லை? ஒரு கண் தவறவிடும் இடத்தை இன்னொரு கண் பார்த்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடினாலோ, மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஓட்டையை நிரப்பிவிடுகிறது. வேண்டுமானால் புள்ளியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டு, மறுபடி செய்யுங்கள். புள்ளி மறையும், கோடு அறுபடாமல் தெரியும். இடக்கண்ணைச் சோதிக்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, வலக்கண்ணை மூடிக்கொண்டால் போதும்.