லீவு இல்லாத காம்ப்

கற்பிட்டிப் பக்கம் "காம்ப்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தக் காம்ப் என்று கேட்பார்கள். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையில் இருப்பது நேவிக் காம்ப். பாலாவியிலிருந்து வீதியோரமாகக் கிடுகுக் கொட்டில்களாய் நீண்டு கிடந்தவை அகதிக் காம்ப்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான்.

அப்படி வந்த சிலாவத்துறை ராத்தா ஒருவரிடம் இந்தக் கதையைக் கேட்டேன். விடியற்காலையில் அப்பம் சுட்டு விற்பார், பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. பிள்ளைகளை வளர்த்தது அப்படித்தான். அவருடைய கொட்டிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே காவலுக்கு நின்ற இளம் கடற்படைச் சிப்பாய் ஒருவன் தினமும் இரண்டு அப்பம் வாங்குவானாம். அனுராதபுரப் பக்கம் ஒரு குளக்கரைக் கிராமத்துப் பிள்ளை. வீட்டில் மூத்தவன். சம்பளமெல்லாம் தங்கையின் கலியாணத்துக்கு என்று சேர்த்துக்கொண்டிருந்தான். குளம் நிரம்பியதா, வயல் விதைத்தாயிற்றா என்று அறிய வீட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பான். வந்ததும் அரைகுறைத் தமிழில் ராத்தாவிடம் ஒப்பிப்பான். சட்டைப் பையில் ஒரு சின்னக் கலண்டர். லீவு நாள்வரை ஒவ்வொரு திகதியாகப் பேனையால் வெட்டிக்கொண்டு வருவான்.

"அவனுக்கு வெட்டுறதுக்கு நாள் இருந்திச்சு, தங்கச்சி. நான் எதை வெட்டுறது?" என்று சிரித்தார் ராத்தா.

சிப்பாயின் ஏக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சண்டை மூண்டால் லீவு ரத்தாகும். ஊருக்குப் போய்ப் படைக்குத் திரும்பாதவர்கள் பல்லாயிரம் பேர். அரசாங்கம் பலமுறை பொதுமன்னிப்பு அறிவித்து அவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனாலும் அவனுக்கு ஒரு விலாசம் இருந்தது; எழுதினால் பதில் வரும். ராத்தாவின் பழைய விலாசத்துக்கு எழுதினால் வாங்கி வாசிக்க அங்கே ஒருவரும் இல்லை. கொட்டிலுக்குக் கிடுகு மாற்றும்போதெல்லாம் "இதுதான் கடைசி, அடுத்த மழைக்கு ஊரில்" என்று சொல்லிக்கொள்வாராம். எத்தனை தடவை மாற்றினார் என்று அவருக்கே கணக்கில்லை.

ஒருமுறை லீவில் போனவன் பிறகு அந்தச் சாவடிக்கு வரவில்லை. இடம் மாற்றினார்களோ என்னவோ. ராத்தா கொஞ்ச நாள் இரண்டு அப்பத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். இந்த யுத்தத்தில் காணாமற்போன படையினர் மட்டும் ஐயாயிரத்துக்கும் அதிகம். 1998இல் கிளிநொச்சியில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச என்ற தாய், இரு தரப்புத் தாய்மாரையும் ஒன்றாக உட்காரவைக்கப் பாடுபட்டவர். அவர் பெயரைச் சொன்னபோது, "அந்தப் பொடியன்ட உம்மாவும் அங்க இருப்பாவோ?" என்று கேட்டார் ராத்தா. எனக்குப் பதில் வரவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் ராத்தா மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போனார். சிலாவத்துறையில் பல குடும்பங்களின் காணிகளில் கடற்படை முகாம் அமைந்திருந்தது. அவற்றை விடுவிக்கக் கேட்டு 2018இலும் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். ராத்தாவின் வளவும் அந்த வேலிக்குள்தான். வெளியே நின்று கிணற்றடி வேம்பை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, காவலுக்கு நின்ற பையன் கிட்டே வந்து எந்த ஊர் என்று விசாரித்தான்.

வாயில் வந்தது புத்தளம்தானாம்.