வெளிநாட்டு வங்கியில் கணக்கு: டெல்லியில் உட்கார்ந்துகொண்டே தொடங்க முடியுமா? சிக்கல் எங்கே வருகிறது?

டெல்லி லோதி ரோடு பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. சிஜிஓ வளாகத்தில் வேலை, லோதி காலனி குவார்ட்டர்ஸில் வீடு, லோதி எஸ்டேட்டில் இருக்கும் டிடிஇஏ பள்ளியில் பிள்ளைகள் என்று வாழ்க்கை ஓடுகிறது. அந்தப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி, கனடா என்று கிளம்பும்போதுதான் வீட்டில் புதுக் கேள்வி ஒன்று எழும். விசா வாங்கவே அந்த நாட்டு வங்கியில் பணம் போட்டிருக்க வேண்டுமாமே, இங்கே இருந்துகொண்டு அங்கே எப்படிக் கணக்கு தொடங்குவது?

முடியும். இதற்கென ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதியும் வாங்க வேண்டாம். "ஆர்பிஐ பர்மிஷன் எடுத்துத் தர்றோம்" என்று எந்த ஏஜென்டாவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எல்ஆர்எஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஆண்டுக்கு இவ்வளவு டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதுதான் திட்டம். அப்போது வரம்பு 25,000 டாலர், இப்போது ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். வெளிநாட்டு வங்கியில் கணக்கு தொடங்குவதும் இதற்குள்ளேயே அடங்கும். உங்கள் வங்கிக் கிளையில் பான் எண்ணோடு ஏ2 படிவம் கொடுத்தால் போதும்.

ஆக, இந்தியப் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் கொஞ்சம் இறுக்கம். அந்த நாட்டில் வசிக்காதவர் கணக்கு கேட்டால் பெரும்பாலான வங்கிகள் உள்ளூர் முகவரிக்கு ஆதாரம் கேட்கும். முகவரி வேண்டுமானால் வீடு எடுக்க வேண்டும், வாடகை கட்டக் கணக்கு வேண்டும். லண்டனில் போய் இறங்கும் மாணவர்கள் முதல் மாதம் சுற்றுவது இந்த வட்டத்தில்தான். அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலும் பாஸ்போர்ட்டை வைத்துக் கணக்கு தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பல வங்கிகள் நேரில் வரச் சொல்லும்.

மாணவர்களுக்கு மட்டும் சில நாடுகள் தனி வழி வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் 'பிளாக்டு அக்கவுன்ட்' அதில் முக்கியமானது. ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே அதில் போட்டு, அந்தச் சான்றை விசா விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். கணக்கை ஆன்லைனில் பாஸ்போர்ட்டைக் காட்டித் திறந்துவிடலாம். ஆனால் பணம் உங்களுடையதாக இருந்தாலும் நினைத்தபோது எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் மாணவர் அங்கே போய், முகவரியைப் பதிவு செய்து, சாதாரண நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கிய பிறகுதான். முதல் சில வாரச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பல வீடுகளில் யோசிப்பதே இல்லை. அந்த நடப்புக் கணக்கைத் தர ஒரு வங்கி மறுத்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்கு பெற உரிமை உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. ஜெர்மனியில் அது 2016 முதல் அமலில் உள்ளது. கேட்டு வாங்கலாம்.

கனடாவில் இதே வேலையை ஜிஐசி என்ற வைப்புக் கணக்கு செய்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் தனி மாணவருக்குக் காட்ட வேண்டிய தொகை 22,895 கனடிய டாலர்.

சரி, பணம் அனுப்பும்போது எவ்வளவு பிடிப்பார்கள்? இங்கேதான் ஏ2 படிவத்தில் நீங்கள் எழுதும் காரணம் முக்கியமாகிறது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி கிடையாது. அதற்கு மேல், 'வெளிநாட்டில் டெபாசிட்' என்று எழுதினால் 20 சதவீதம். 13 லட்சம் அனுப்பினால் மேலே உள்ள 3 லட்சத்துக்கு 60,000 ரூபாய் போய்விடும். 'கல்வி' என்றால் விகிதம் மிகவும் குறைவு. மாணவரின் அன்றாடச் செலவும் கல்விக்குள் வரும் என்று வருமான வரித் துறையே விளக்கம் கொடுத்திருக்கிறது. வங்கியின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் டிசிஎஸ்ஸே இல்லை. பிடித்த பணமும் தொலைந்துபோவதில்லை; கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரர் அலுவலகத்தில் விவரம் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிக்கட்டிக்கொள்ளவும் வழி உண்டு.

இதுவரை சொன்னதை எல்லாம் வங்கிக்காரரே சொல்லிவிடுவார். சொல்லாமல் விடுவது அடுத்தது.

படிக்கப் போன மாணவரை அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா, வெளிநாடுவாழ் இந்தியராகவே பார்க்கிறது. வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, அது நாட்களை எண்ணுகிறது. செப்டம்பரில் கிளம்பும் பிள்ளை ஏப்ரலிலிருந்து ஐந்து மாதம் இங்கே இருந்திருக்கும். நிதியாண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாளும் தாண்டினாலே 'ரெசிடென்ட்'. வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு அந்த 60 நாள் 182 நாளாகத் தளர்த்தப்படுகிறது. படிப்புக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தளர்வைச் சட்டம் சொல்லவில்லை.

அதனால் முதல் ஆண்டில் உங்கள் பிள்ளை வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர், கையில் வெளிநாட்டு வங்கிக் கணக்கும் இருக்கிறது. அப்படி இருப்பவர் ஒரு ரூபாய்கூட சம்பாதிக்காவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ஐடிஆர்-1 படிவம் செல்லாது. ஐடிஆர்-2 எடுத்து, ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். இதில் நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. பணம் போட்ட பெற்றோரையும் சட்டத்தில் உள்ள 'பயனுரிமையாளர்' வரையறை தொடக்கூடும் என்பதால், அவர்களும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காட்டாவிட்டால்? 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய். கறுப்புப் பண முதலைகளுக்கு விரித்த வலையில் கல்லூரி மாணவர் மாட்டுவது நியாயமா என்ற கேள்வி எழாமல் இல்லை. 2024 அக்டோபர் முதல் ஒரு தளர்வு வந்தது. அசையாச் சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அபராதம் இல்லை. 11,904 யூரோ மட்டும் என்றால் பெரும்பாலும் தப்பிவிடலாம். ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. கல்விக் கட்டணமும் அதே கணக்கில் வந்து போகிறது, வெளிநாட்டுப் பங்குகளும் இருக்கின்றன என்றால் 20 லட்சம் பெரிய தொகையே இல்லை.

"அங்கே இருக்கிற கணக்கு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஜெர்மனி உட்படப் பல நாடுகள் தங்கள் வங்கிகளில் இந்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் இந்தியாவுக்கு அனுப்புகின்றன. இந்தியா 2017 முதல் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அமெரிக்காவுடன் 2015இல் தனி ஒப்பந்தமே போடப்பட்டது. அந்தத் தகவலை வைத்துத்தான் 2024 நவம்பரில் வரித் துறை பலருக்கு எஸ்எம்எஸ், இமெயில் அனுப்பி, கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யச் சொன்னது.

விசா கிடைக்கவில்லை என்றால் பிளாக்டு அக்கவுன்டில் போட்ட பணம் திரும்ப வரும். நிராகரிப்புக் கடிதத்தைக் கொடுத்து மூடச் சொல்ல வேண்டும். அப்படி நடுவில் மூடிய கணக்கையும் அந்த ஆண்டின் ஷெட்யூல் எஃப்ஏ-வில் காட்டத்தான் வேண்டும். எனவே கணக்கு மூடியதற்கான கடிதத்தையும், பணம் போய் வந்த ஸ்டேட்மென்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.